சக்கரங்கள் ஓசையின்றி உருளுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் ஒரு வழக்கம் இருந்து வந்தது. ஒரு வீட்டில் எவரேனும் கடும் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தால், வாசலுக்கு எதிரேயுள்ள வீதியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி வைப்பர். அக்காலத்து வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டைகளே பூட்டப்பட்டிருந்தன. வீதிகளோ கற்கள் பாவப்பட்டவை. கல்லின்மீது இரும்பு உருளும் கடகடவென்னும் ஓசை நோயாளியின் செவியை எட்டாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவ்வழியே வண்டி ஓட்டி வந்தவர்களும், வைக்கோலைக் கண்ட மாத்திரத்தில், உள்ளே ஓர் உயிர் துன்புற்றுக் கிடக்கிறது என்பதை உணர்ந்துகொண்டனர்.

இன்று எந்த வீதியிலும் அத்தகைய வைக்கோலை நாம் காண்பதில்லை. ஆனால் நோயாளிகள் இருக்கிறார்கள். பச்சிளங் குழந்தைகளும் முதியோரும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் நள்ளிரவிலும் ஓர் இரைச்சல் ஓய்வதே இல்லை. தொலைவில் மெல்லிய இரைப்பாகத் தொடங்கி, வீட்டை நெருங்குகையில் பேரோசையாக எழுந்து, பின் மெல்லத் தேய்கிறது அது. அது தேய்வதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுகிறது.

இந்த ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் எஞ்சினைத்தான் குறை கூறுவோம். உண்மை அதுவன்று. சீரான வேகத்தில் ஓடும் ஒரு நவீன கார், மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரைக் கடந்துவிட்டால், அதன் எஞ்சினைவிட டயர்களே மிகுதியாக ஒலிக்கின்றன. லாரிகளில் இந்நிலை இன்னும் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஏற்படுகிறது. ஆக, நெடுஞ்சாலையின் இரைச்சல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரப்பரும் தாரும் ஒன்றோடொன்று மோதிப் பிரியும் ஓசையே. அந்த ஓசையை அடக்கப் பொறியியல் வல்லுநர்கள் செய்துள்ள முயற்சிகளையும், அம்முயற்சிகளின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதையும் இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

பிறப்பிலேயே பேசப்பட்ட குறை

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு ஜான் பாய்ட் டன்லப் என்ற பெயரையே பலரும் விடையாகக் கூறுவர். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த அவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த டயருக்கு 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அவ்வுரிமை செல்லாது என்றாயிற்று. ஏனெனில், அவருக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1845-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் அதனைப் பெற்றபோது அவருக்கு வயது 23.

ரப்பர் பூசிய துணியாலான குழாயில் காற்றை நிரப்பி, அதன்மேல் தோலுறை இட்டு, அதைச் சக்கரத்தில் பொருத்தினார் தாம்சன். 1847-ஆம் ஆண்டில் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் அச்சக்கரங்கள் பூட்டிய வண்டி மக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டது. தம் காப்புரிமை ஆவணத்தில் தாம்சன் மூன்று பயன்களைக் குறிப்பிட்டிருக்கிறார்: வண்டியை இழுக்க வேண்டிய விசை குறையும், பயணம் சுகமாகும், வண்டி எழுப்பும் ஓசை தணியும். டயரின் வரலாற்றில் முதல் ஏட்டிலேயே ஓசை தணிப்பு என்ற நோக்கம் இடம்பெற்றிருந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். வைக்கோல் செய்த வேலையைச் சக்கரமே செய்துகொள்ளும்படி ஆக்க அவர் விரும்பினார் எனலாம்.

தாம்சனின் டயர் அக்காலத்தில் பரவவில்லை. அதற்கேற்ற மெல்லிய ரப்பர் மலிவாகக் கிடைக்கவில்லை. சைக்கிளும் மோட்டார் காரும் வந்த பிறகே காற்றடைத்த டயர் உலகை வென்றது. ஆனால் வேகம் கூடக் கூட, அடங்கிய ஓசை வேறு வடிவில் திரும்பி வந்தது. ஒரு காரின் வேகம் இரண்டு மடங்காகும்போது டயர் ஓசை 9 முதல் 12 டெசிபல் வரை உயர்கிறது. ஓசை 10 டெசிபல் உயர்ந்தால், நம் செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். மாட்டு வண்டியின் வேகத்தில் மௌனமாக உருளும் அதே டயர், நெடுஞ்சாலையில் ஓலமிடுவது இதனால்தான்.

டயர் ஏன் பாடுகிறது?

டயரின் ஓசைக்குக் காரணம் ஒன்றன்று, பல. முதலாவது, அடி. டயரின் மேற்பரப்பு பல சிறு கட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நம் ஊர் மெக்கானிக்குகள் இவற்றைப் 'பட்டன்' என்பார்கள். உருளும் டயரின் ஒவ்வொரு பட்டனும் சாலையில் வந்து மோதுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். சுற்றளவு 2 மீட்டர் உள்ள டயர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 11 முறை சுழலும். அதன் சுற்றில் 70 பட்டன்கள் இருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 780 அடிகள் விழும். 780 அடிகள் என்பது செவிக்கு அடிகளாகத் தோன்றாது. ஒரே சுருதியில் நீளும் ஊளையாகவே கேட்கும்.

இரண்டாவது, காற்று. பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் காற்று தங்கியிருக்கிறது. அப்பள்ளம் சாலையில் அழுந்தும்போது காற்று பீறிட்டு வெளியேறுகிறது. சாலையைவிட்டு மேலெழும்போது மீண்டும் உள்ளே பாய்கிறது. கொல்லன் உலைத் துருத்தியைப் போன்றதே இது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான சிறு துருத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, உரசலும் ஒட்டலும். சாலையைப் பற்றும் ரப்பர் சிறிது ஒட்டிச் சிறிது வழுக்குகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும் இவ்வகையே. வளைவுகளில் விரைந்து திரும்பும் காரிடம் இதனைத் தெளிவாகக் கேட்கலாம்.

நான்காவதும் ஐந்தாவதும் இசைக்கருவிகளை நினைவூட்டுவன. டயரைச் சுற்றி ஓடும் நீண்ட பள்ளம், சாலையைத் தொடும் இடத்தில் இருபுறமும் திறந்த ஒரு குழாயாகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அத்தனை நீளமுள்ள குழலை ஊதினால் வினாடிக்கு 1,100 அதிர்வுகளுக்கு மேல் எழும். நம் செவி நன்றாக உணரும் எல்லைக்குள்தான் அது இருக்கிறது. இனி, டயரின் வளைவும் சாலையின் சமதளமும் சந்திக்கும் இடத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். குறுகிய இடத்திலிருந்து விரிந்துகொண்டே போகும் அவ்வடிவம், திருவிழாக்களில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கியை ஒத்தது. உள்ளே பிறக்கும் சிற்றோசையை அது 10 டெசிபலுக்கு மேலாகவே பெருக்கி வெளியே வீசுகிறது. குழலும் தானே, ஒலிபெருக்கியும் தானே என்று டயர் அமைந்துவிட்டது பொறிஞர்களுக்குப் பெரும் சோதனையாயிற்று.

ஒரே தாளம் கூடாது

இவற்றுள் முதலாவதான ஊளையை அடக்கக் கண்ட வழி மிக எளிமையானது; அழகானதும்கூட. அணிவகுத்துச் செல்லும் ஐம்பது பேர் ஒரே கணத்தில் காலூன்றினால் தெருவே அதிர்கிறது. அதே ஐம்பது பேர் கடைத்தெருவில் அவரவர் போக்கில் நடந்தால் வெறும் சலசலப்பே கேட்கிறது. கால்களின் எண்ணிக்கை ஒன்றுதான். தாளம் மட்டுமே கலைந்தது.

டயரிலும் அவ்வாறே செய்தார்கள். பட்டன்கள் அனைத்தையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு நீளங்களில் வெட்டி, எளிதில் திரும்ப வராத வரிசையில் அடுக்கினார்கள். அதனால் ஒரே சுருதியில் குவிந்திருந்த ஒலி பல சுருதிகளில் சிதறுகிறது. மொத்த ஒலி ஆற்றல் பெரிதும் குறைவதில்லை. ஆயினும் ஊளை மறைந்து, செவி பொறுக்கக்கூடிய இரைப்பாக மாறுகிறது. எவ்வரிசை சிறந்தது என்பதைக் கணிப்பொறிகள் எண்ணற்ற வரிசைகளைக் கணக்கிட்டுத் தெரிவு செய்கின்றன. உங்கள் காரின் டயரை உற்று நோக்குங்கள். அடுத்தடுத்த பட்டன்கள் சற்றே ஏற்றத்தாழ்வாக இருக்கும். அது வார்ப்படத்தின் பிழையன்று; திட்டமிட்ட ஏற்பாடு.

இதனுடன் வேறு உபாயங்களும் சேர்ந்தன. பள்ளங்களைக் குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால், பட்டன் முழுவதும் ஒரே கணத்தில் மோதாது. இடப்புறத்து அடுக்கையும் வலப்புறத்து அடுக்கையும் சற்று விலக்கி வைத்தால், இரு பக்கத்து அடிகளும் ஒன்றுசேரா. பள்ளங்களைப் பக்கவாட்டில் திறந்துவிட்டால், சிறைப்பட்ட காற்று வெடித்து வெளியேறாது, மெல்ல வழிந்தோடும்.

இக்கடைசி உண்மையை உலகம் பட்டறிந்தே கற்றது. 1970-களில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரி டயர்களின் ஓசையை அளந்தபோது, மிகுந்த பேரிரைச்சல் செய்தவை ஒருவகை ரீட்ரெட் டயர்கள் என்று கண்டனர். அவற்றின் மேற்பரப்பில் நாற்புறமும் மூடிய குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியும் சாலையில் அழுந்தும்போது காற்று வெளியேற வழியின்றி இறுகி, பின் வெடித்தெழுந்தது. 1976-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில், நெடுஞ்சாலை டயர் இரைச்சலுக்கென்றே வாகனப் பொறிஞர்களின் கருத்தரங்கு ஒன்று கூடிற்று. டயர் ஓசை ஒரு தனித்துறையாக வளரத் தொடங்கிய காலம் அது. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் சாண்ட்பெர்க், போலந்தைச் சேர்ந்த ஜெர்சி எய்ஸ்மாண்ட் ஆகிய இருவரும் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு ஒரு கையேடாக விளங்குகிறது.

மழையும் மௌனமும்

பள்ளமும் பட்டனும்தானே இத்தனை ஓசைக்கும் காரணம், அவற்றை நீக்கிவிட்டு மொழுமொழுவென்று டயர் செய்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு மழை விடை சொல்லும்.

நீர் தேங்கிய சாலையில் விரையும் டயர், தனக்கு முன்னுள்ள நீரை விலக்கியாக வேண்டும். பள்ளங்கள் அந்நீரை வாங்கிப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. பள்ளம் இல்லையேல் நீர் டயருக்கும் சாலைக்கும் இடையே ஆப்புப்போல் நுழைந்து, வண்டியையே மேலே தூக்கிவிடும். அந்நிலையில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகும். மொட்டை டயருடன் மழையில் ஓடிய வண்டிகள் எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியுள்ளன என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஐரோப்பிய நாடுகளில் கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று சட்டமே உண்டு.

எனவே டயர் வடிவமைப்பு என்பது ஒன்றை விட்டு ஒன்றைப் பெறும் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. ரப்பரை மென்மையாக்கினால் அடியோசை தணியும். ஆனால் விரைவில் தேயும். பள்ளத்தைக் குறுக்கினால் ஓசை குறையும். மழைப் பிடிப்பும் குறையும். அகலத்தைக் குறைத்தால் ஓசை தணியும். ஆனால் உலர்ந்த சாலையில் பிடிப்பும் காரின் கம்பீரமும் போயிற்றென்று வாங்குவோர் முகம் சுளிப்பர். 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் டயர் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்தது. ஈரப்பிடிப்பை இழக்காமலே எரிபொருளைச் சேமிக்கலாம் என்று அது காட்டியது. ஒன்றுக்கொன்று பகை என்று கருதப்பட்ட குணங்களையும் வேதியியல் சமரசம் செய்துவைக்கக்கூடும் என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது. ஆயினும், ஓசைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க எந்தப் பொறிஞரும் துணியார்; துணியவும் கூடாது.

காருக்குள் அமைதி, வீதியில்?

டயருக்கு உள்ளேயும் ஓர் ஓசை உண்டு. ரிம்முக்கும் டயருக்கும் இடையே வளையமாகச் சூழ்ந்திருக்கும் காற்று, வண்டி ஒரு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அதிர்கிறது. அந்த வளையத்தின் சுற்றளவு சாதாரணக் காரில் 1.6 மீட்டர் அளவில் இருக்கும். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் செல்வதால், அவ்வளையம் வினாடிக்கு 210 அதிர்வுகள் என்ற அளவில் முழங்கும். அம்முழக்கம் அச்சின் வழியாக ஏறிக் காருக்குள் இருப்போரின் செவியை 'ம்ம்ம்' என்று நிறைக்கிறது.

இதற்கு அண்மைக்காலத்தில் கண்ட தீர்வு, டயரின் உட்புறத்தில் பாலியூரித்தேன் நுரைப்பட்டை ஒன்றை ஒட்டிவிடுவது. மெத்தைக்குள் இருக்கும் நுரையைப் போன்ற அது, அதிரும் காற்றின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. கான்டினென்டல், மிஷலின், பிரெல்லி முதலிய நிறுவனங்கள் இத்தகைய டயர்களை விற்கின்றன. ஹோண்டா நிறுவனம் தன் உயர்தரக் கார்கள் சிலவற்றில் ரிம்மிலேயே சிறு ஒலியறைகளை அமைத்து அதே முழக்கத்தை விழுங்கச் செய்தது. இவை பாராட்டத்தக்க கண்டுபிடிப்புகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நுரைப்பட்டை தணிப்பது காருக்குள் கேட்கும் முழக்கத்தைத்தான். வெளியே, சாலையோரத்து வீட்டின் சன்னலை வந்தடையும் ஓசையில் அதனால் பெரிய மாறுதல் இல்லை. அந்த ஓசை பட்டன்களிலும் பள்ளங்களிலும் பிறப்பது. அது உள்ளே புகாமலே நேராக வீதிக்குச் செல்கிறது. ஆகவே இரண்டு வகை அமைதிகள் இருக்கின்றன. ஒன்று, பணம் கொடுப்பவர் தமக்கென வாங்கிக்கொள்ளும் அமைதி. மற்றொன்று, அவ்வழியே வசிப்பவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் அமைதி. முதலாவதற்குச் சந்தையில் விலை உண்டு. இரண்டாவதற்கு விலை கொடுப்பார் யார்?

அளவுகோலும் சட்டமும்

இரண்டாவது அமைதியைச் சட்டமே காத்தாக வேண்டும் என்பதை ஐரோப்பா சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. அங்கே 1970-ஆம் ஆண்டில் கார்களின் ஓசைக்கு வரம்பு விதித்தனர். 82 டெசிபலில் தொடங்கிய வரம்பு, 1990-களின் நடுவில் 74 ஆகக் குறைந்தது. ஆனால் வீதிகளில் இரைச்சல் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. காரணம் யாதெனில், அச்சோதனை எஞ்சினை முடுக்கிவிட்டுச் செய்யும் சோதனை. எஞ்சின் அடங்கிற்று, டயர் அடங்கவில்லை.

பின்னர் டயருக்கென்றே தனிச் சோதனை வந்தது. அதில் எஞ்சினை நிறுத்திவிட்டு, காரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வெறுமனே உருளவிடுவர். அது செல்லும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் ஒலிவாங்கி வைத்து அளப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, குறுகிய கார் டயர்களுக்கு 70 டெசிபல். மிக அகன்றவற்றுக்கு 74. 2012 நவம்பர் முதல் அங்கு விற்கும் டயர்களின் விவரச்சீட்டில் எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு ஆகியவற்றோடு வெளியோசையின் அளவும் அச்சிடப்படுகிறது. 2021 மே முதல் ஓசைக்கும் ஏ, பி, சி என்ற தரங்கள் வந்துள்ளன. வாங்குபவர் அந்தச் சீட்டைப் படிக்கும்போது, தம் செவிக்குரிய அளவையன்று, அயலாரின் செவிக்குரிய அளவையே படிக்கிறார்.

நம் நாட்டிலும் இத்திசையில் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, கார், பேருந்து, லாரி டயர்கள் உருள் எதிர்ப்பு, ஈரப்பிடிப்பு, உருளும் ஓசை ஆகிய மூன்றிலும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்திற்கு உட்பட வேண்டும் என்று கூறிற்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை என வகுத்துள்ளன. மருத்துவமனைகளையும் கல்விக்கூடங்களையும் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகக் கொள்ள அவை இடமளிக்கின்றன.

இவை வெறும் வசதிக்கான எண்கள் அல்ல. போக்குவரத்து இரைச்சலால் மேற்கு ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் பத்து லட்சம் ஆரோக்கிய வாழ்வாண்டுகளாவது இழக்கப்படுகின்றன என உலக சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் கணித்தது. தூக்கம் கெடுவதும், இதய நோய் மிகுவதும் இவ்விழப்பில் அடங்கும். சாலைப் போக்குவரத்தின் இரவு நேர ஓசை 45 டெசிபலுக்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கான தன் வழிகாட்டுதலில் அது பரிந்துரைத்தது. உறங்குபவர் ஓசையை உணராதிருக்கலாம்; உடல் உணர்கிறது.

சாலையும் பங்காளியே

இரு கை தட்டினால்தான் ஓசை. டயர் ஒரு கை என்றால் சாலை மறு கை. ஆகவே சாலையையும் திருத்த முற்பட்டார்கள்.

நெதர்லாந்து நாட்டின் விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவை நுண்துளைகள் நிறைந்த தாரினால் போடப்பட்டவை. அவற்றின் மேலடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமே. டயர் அழுத்தும் காற்று அத்துளைகளுக்குள் அமைதியாக இறங்கிவிடுகிறது, மழைநீரும் அவ்வாறே. கூம்பு ஒலிபெருக்கியின் ஒரு சுவரையே பஞ்சாக மாற்றிவிட்டதற்கு இது ஒப்பாகும். ஆனால் துளைகளில் புழுதி அடைந்துகொள்ளும். சாலையின் ஆயுளும் சாதாரணத் தாரினும் குறைவு. புழுதி மிகுந்த ஊர்களில் இம்முறை எளிதில் பலன் தராது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வேறொரு வழி கண்டனர். 1960-களில் ஃபீனிக்ஸ் நகரப் பொறிஞரான சார்லஸ் மெக்டொனால்டு, தேய்ந்து கழிந்த டயர்களைப் பொடியாக்கித் தாரில் கலக்கும் முறையை உருவாக்கினார். சாலை வெடிப்புகளைத் தடுப்பதே அவருடைய நோக்கம். பின்னாளில் அத்தகைய சாலைகள் ஓசையையும் தணிப்பதை மக்களே கண்டு கூறினர். 2003-ஆம் ஆண்டில் ஃபீனிக்ஸ் நகரைச் சூழ்ந்த கான்கிரீட் நெடுஞ்சாலைகளின்மீது ரப்பர் கலந்த தாரை மெல்லிய அடுக்காகப் போடும் பெருந்திட்டம் தொடங்கியது. பல டெசிபல் ஓசை தணிந்தது. மூன்று டெசிபல் தணிந்தாலே, சாலையில் ஓடும் வண்டிகளில் பாதியை நீக்கியதற்குச் சமம் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். காலப்போக்கில் அவ்வடுக்கு சிதைந்தபோது, அதைப் புதுப்பிப்பதற்குப் பதில், அடியிலுள்ள கான்கிரீட்டையே வைரப் பற்கள் கொண்ட இயந்திரத்தால் மென்மையாக இழைக்கும் முறைக்கு அம்மாநிலம் அண்மை ஆண்டுகளில் திரும்பியிருக்கிறது. எனினும், தன் வாழ்நாளெல்லாம் இரைந்து திரிந்த டயர் இறுதியில் மற்ற டயர்களின் காலடியில் வைக்கோலாகக் கிடந்து அமைதி காத்தது நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஓசையற்ற வண்டியால் ஒரு புதிய கவலை

மின்சாரக் கார்களின் வருகை இக்கதையில் எதிர்பாராத திருப்பம். எஞ்சின் ஓசை அறவே இல்லாததால், காருக்குள் அமர்ந்திருப்போருக்கு டயரின் ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது. பாட்டரியின் கனமும் டயரைக் கூடுதலாக அழுத்துகிறது. நுரைப்பட்டை டயர்கள் இக்கார்களில் மிகுதியாகப் பொருத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

மறுபுறம், மெதுவாக ஊர்ந்து வரும் மின்சாரக் காரின் வரவைப் பார்வையற்றோரும் முதியோரும் சிறுவர்களும் உணர முடியாமற் போயிற்று. செவியையே கண்ணாகக் கொண்டு வீதியைக் கடப்பவருக்கு முழு மௌனம் ஆபத்தாகும். ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மாதிரி மின்சாரக் கார்களுக்கும், 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் அனைத்து மின்சாரக் கார்களுக்கும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கிற்று. அவ்வேகத்திற்கு மேல் அக்கருவி தேவையில்லை; டயரே போதிய அளவு அறிவித்துவிடுகிறது! ஆக, ஓசையை அறவே ஒழிப்பதன்று நம் நாட்டம். எச்சரிக்கும் ஓசை இருக்கட்டும். வருத்தும் ஓசை நீங்கட்டும். எது எதுவென்று பிரித்தறிவதே அறிவுடைமை.

நாம் செய்யத்தக்கவை

பொறிஞரும் அரசும் செய்ய வேண்டியவை ஒருபுறமிருக்க, வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் செய்யத்தக்கனவும் சில உண்டு.

டயரின் காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையேனும் சரிபாருங்கள். அழுத்தம் பிசகினால் டயர் சீரற்றுத் தேயும். பட்டன்கள் ரம்பப் பற்களைப்போல் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்துவிட்டால், பிறகு எத்தனை உயர்ந்த டயரும் முனகத் தொடங்கும். சக்கரங்களை உரிய காலத்தில் இடம் மாற்றிப் போடுவதும், அலைன்மெண்ட் பார்ப்பதும் இதைத் தடுக்கும். பழைய டயரின் ரப்பர் இறுகிவிடுவதாலும் ஓசை கூடும். திடீரென முனகல் தோன்றி, வளைவில் திரும்புகையில் அது கூடியோ குறைந்தோ மாறினால், டயரையன்று, சக்கரத்தின் பேரிங்கை ஐயுற்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தேவைக்கு மேல் அகலமான டயரை அழகுக்காகப் போடாதீர்கள்.

எல்லாவற்றிலும் மேலான ஓசை தணிப்புக் கருவி ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம், காப்புரிமையும் இல்லை. அது நம் வலது காலின் கட்டுப்பாடு. ஊருக்குள் நுழையும்போது 80-லிருந்து 40-க்கு வேகத்தைக் குறைத்தால், எந்த நுரைப்பட்டையும் எந்த நுண்துளைத் தாரும் தராத அளவுக்கு வீதியில் அமைதி உண்டாகும். குறுக்கே ஓடிவரும் குழந்தையின் உயிரும் அதனால் காக்கப்படும்.

லண்டன் வீதியில் வைக்கோலைக் கண்ட வண்டிக்காரருக்கு உள்ளே கிடந்த நோயாளி யாரென்று தெரியாது. ஆயினும் அந்த வைக்கோல், அவர் கண்டிராத ஒருவரை அவருக்கு நினைவூட்டிற்று. இன்று இருளில் விரையும் நமக்கு எந்த வீட்டிலும் அத்தகைய அடையாளம் இல்லை. அடையாளம் இல்லை என்பதால் உள்ளே நோயாளி இல்லை என்று பொருளாகாது. வீதியோரத்துச் சன்னல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் உறங்க முயன்றுகொண்டிருக்கிறார் என்ற எண்ணத்தோடு நம் சக்கரங்கள் உருளட்டும்.